நீ வைத்த ஒத்தடம்

கீழ்வீட்டில் கல்லுப்பு வறுக்கிறார்கள். அந்த வீட்டுக்காரருக்கு முட்டிவலி. ஆடிக் காற்று ஆரம்பித்தால் போதும், அவர் மனைவி வாணலியை அடுப்பில் ஏற்றிவிடுவார். உப்பு படபடவென்று வெடிக்கிற சத்தமும், காய்ந்த இரும்பின் வாசனையும், நொச்சி இலை வதங்கும் வாசனையும் சேர்ந்து படிக்கட்டு வழியாக ஏறி என் சமையலறைக்கு வந்துவிடுகின்றன. காபி டம்ளரைக் கீழே வைத்தேன். கை தானாக இடது மார்புக்குப் போயிற்று. அங்கே தொட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் இந்த வாசனை வந்தால் கை அங்கேதான் போகிறது.

சில நாளாக அந்தப் பக்கம் இறுகிக்கொண்டே வருகிறது. குளிக்கும்போதுதான் கவனித்தேன். சோப்புக் கையோடு தடவினால், நீ சுட்ட இடத்துக்குக் கொஞ்சம் கீழே, விரலில் கெட்டியாக ஒரு மேடு தட்டுகிறது. நாளைக்கு இருக்காது என்று நினைத்தேன். மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. இன்று முற்பகல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன். இவரிடம், "எப்பவும் போற செக்கப்தான்" என்று சொல்லி ஆவடிக்கு டூட்டிக்கு அனுப்பிவிட்டேன். உள்ளதைச் சொல்லியிருந்தால் லீவு போட்டுவிட்டு வந்து, ஆஸ்பத்திரி நாற்காலியில் என்னைவிட அதிகமாக வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரையும் சேர்த்துத் தேற்ற இன்று எனக்குத் தெம்பில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். கிளம்ப இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லோரிடமும் "ஒன்றும் இருக்காது" என்று சொல்லிக்கொண்டு திரிகிறவள் நான்தான். அவர்களும் உடனே, "அதானே, ஒன்றும் இருக்காது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். நீ ஒருநாளும் என்னிடம் "ஒண்ணும் ஆவாது" என்று சொன்னதில்லை. அதனால்தான் உன்னிடம் மட்டும் பயத்தைப் பயம் என்றே சொல்ல முடிந்தது.

நாம் பழகியது கம்பெனி வேனில். திருவேற்காட்டிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகும் அந்த ஓட்டை வேனில் கடைசி சீட்டு, ஜன்னலோரம் உன் இடம். நீ தையல் லைனில், நான் டெஸ்பாட்ச் ஆபீசில். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து எத்தனையோ வருஷமாகியும் எனக்கு இந்த ஊரில் தெரிந்தவர்கள் என்றால் பால்காரரும் கேஸ் சிலிண்டர் போடுகிறவரும்தான். நீ பிறந்ததே இங்கே. எங்கள் பிளாட் நிற்கிற இடத்தில் உன் அப்பா கூலிக்கு நாற்று நட்டாராம். அதைச் சொல்லியே என்னை வம்புக்கு இழுப்பாய். "எங்கப்பன் சேத்துல எறங்கி நட்ட எடம் மே இது. நீ இன்னாடான்னா ரெண்டாவது மாடில நின்னுகினு தண்ணி வர்லன்னு சவுண்டு உட்றே" என்பாய். இரண்டு பேருக்கும் ஒரே வயசு என்பதால் அக்கா, தங்கை என்று எந்த முறையும் வைத்துக்கொள்ளவில்லை. உனக்கு நான் "மே". எனக்கு நீ "ஏய்".

மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்ததை வேனில் உன் காதில் மட்டும் சொன்னேன். எஸ்டேட் வாசல் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாய். உன் கை என் கையைவிடச் சில்லிட்டுப் போயிருந்தது.

மார்பை எடுத்துவிட வேண்டும் என்று சொன்ன டாக்டரம்மா, அதே ஆபரேஷனில் தோலுக்கு உள்ளே சிலிக்கான் பை ஒன்றை வைத்துப் பழைய வடிவத்தை அமைத்துத் தரலாம், வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். ஏன் வேண்டும் என்று விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சேலை கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கும்போது நான் நானாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். என் நாத்தனார் ஊரிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டு, "இந்த வயசுல இது எதுக்கும்மா? உயிர் தங்குனா போதாதா?" என்று ஆரம்பித்துவிட்டார். பழம் கொடுத்துவிட்டுப் போக வந்த நீ செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே, "உங்களுக்குப் பல்லு போனப்போ கட்டிக்கினீங்க இல்ல? சோறு துன்ன மட்டுமா கட்டிக்கினீங்க, சிரிக்கவும்தானே? இத்தும் அத்த மாரிதான்" என்றாய். நாத்தனார் வாயை மூடிக்கொண்டார், கட்டின பல்லோடு. அன்றைக்குச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுதேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது என் விலாவிலிருந்து ஒரு குழாய் தொங்கியது. உள்ளே ஊறுகிற நீரும் இரத்தமும் அதன் வழியாக வந்து ஒரு பிளாஸ்டிக் குடுவையில் சேர வேண்டும். இவர் நல்ல மனிதர், உனக்கே தெரியும். ஆனால் அந்தக் குடுவையைப் பார்த்த உடனே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்கே மாட்டுவது என்று எனக்கும் புரியவில்லை. நைட்டியில் ஊக்கு குத்தி மாட்டினால், திரும்பிப் படுக்கும்போது குழாய் இழுத்து உயிர் போயிற்று. மறுநாள் நீ லைனில் மீந்துபோன பூப்போட்ட துணியில் ஒரு சுருக்குப் பை தைத்துக்கொண்டு வந்தாய், கழுத்தில் மாட்டிக்கொள்ள நீளமான நாடாவோடு. குடுவை அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. "சோக்கா கீது மே. இதே துணில ஜாக்கெட்டு தெச்சிக்கினா மேட்சிங்கா பூடும்" என்றாய்.

சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் நேராக என் வீட்டுக்கு வந்துவிடுவாய். கையைக் கழுவிக்கொண்டு, குடுவையைத் திறந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாய். "நேத்து தக்காளிச் சட்னி. இன்னிக்கி ரோஸ் மில்க்கு. நல்லா வெளுத்துக்கினு வர்து மே." என்னால் இன்றுவரை தக்காளிச் சட்னியைத் தொட முடியவில்லை. அதற்கு நீதான் பொறுப்பு.

குழாயை எடுத்த அன்று கண்டம் தாண்டிவிட்டது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. முதலில் தையல் ஓரத்தில் தோல் கறுத்தது. அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் போதவில்லை என்று, கறுத்த தோலை வெட்டியெடுத்துவிட்டு மறுபடியும் தைத்தார்கள். அது ஆறுவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. வெயில் கொளுத்துகிறது, நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறேன். மார்பு முழுவதும் சிவந்து பளபளவென்று வீங்கியிருந்தது. இவர் ஆட்டோவுக்குப் போன் பண்ணினார். நான் வேண்டாம் என்றேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். உண்மையில் நாளைக்கும் போகிற எண்ணம் எனக்கு இல்லை. போனால் உள்ளே வைத்ததை எடுத்துவிடுவார்கள், தையலைப் பிரிப்பார்கள், மறுபடியும் அந்த மேஜை, அந்த விளக்கு. புண் ஆறினால்தான் கீமோ மருந்து ஏற்றுவோம் என்று வேறு சொல்லியிருந்தார்கள். புண் ஆறாமல், மருந்தும் ஏறாமல், நோய் உள்ளே தன்பாட்டுக்குப் பரவிக்கொண்டிருக்கும் என்று எனக்குள் ஓடியது. கட்டிலின் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

இவர் உனக்குப் போன் பண்ணியிருக்கிறார். நீ கையில் மீன் வாசனையோடு வந்தாய். வந்து என் பக்கத்தில் குந்திக்கொண்டு என் முகத்தையே பார்த்தாய்.

"பயமாகீதா?"

"பயமா இருக்கு. நான் வரல. என்னை விட்டுடு."

"எனுக்கும்தான் பயமாகீது. உன் மாரப் பாத்ததும் மெர்சலாயிட்டேன். அத்தினால இன்னா இப்போ? பயந்துகினே வா. ஆனா வா."

தைரியமாக இரு என்று சொல்லியிருந்தால் கட்டிலை விட்டிருக்க மாட்டேன். தைரியத்துக்கு நான் எங்கே போவேன்? பயந்துகொண்டே வரலாம் என்று நீ சொன்னதும் சட்டத்திலிருந்து கை தானாகக் கழன்றது. மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட அந்தப் பூந்தமல்லி ரோட்டில் ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறியபோது, நீ உன் உள்ளங்கையை என் மார்புக்கு அடியில் அண்டக் கொடுத்துக்கொண்டே வந்தாய். டிரைவரை நீ திட்டிய திட்டெல்லாம் இங்கே எழுத முடியாது.

டாக்டரம்மா ஒரு பேனாவை எடுத்துச் சிவப்பைச் சுற்றி என் தோலின் மேலேயே கோடு போட்டார். "ஊசி மருந்து ஏத்துறோம். சிவப்பு இந்தக் கோட்டுக்குள்ள இருந்தா காப்பாத்திடலாம். கோட்டைத் தாண்டிப் போச்சுன்னா உள்ள வச்சதை எடுத்துடணும்மா, வேற வழியில்ல." அந்த வாரம் முழுவதும் என் உலகமே அந்தப் பேனாக் கோடுதான். என்னால் குனிந்து பார்க்க முடியவில்லை. பார்க்கத் தைரியமில்லை என்பதுதான் சரி. நீதான் வேலைக்குப் போகுமுன் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துச் சொல்வாய். "உள்ளாரதான் கீது." சாயங்காலம் வந்து மறுபடியும் பார்ப்பாய். "உள்ளாரதான் கீது மே." ஒரு நாள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டுச் சும்மா நின்றாய். உன் தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். "தொட்டுக்கினு கீது," என்றாய். "தாண்டல. பொய் சொல்லல. தொட்டுக்கினு மட்டும்தான் கீது."

அன்று நீ வேலைக்குப் போகவில்லை. நேராகக் கோயிலுக்குப் போயிருக்கிறாய். கண்ணில் குறை என்றால் கண், காலில் என்றால் கால் என்று அம்மனுக்குத் தகட்டில் செய்த உருவம் வாங்கிப் போடுவார்களே, அதற்காக. மத்தியானம் திரும்பி வந்து பெரிய வழக்கு மாதிரி என்னிடம் சொன்னாய். "கடைக்கடையா கேட்டேன் மே. கண்ணு கீதுன்றான், கை கீதுன்றான், வவுறு கூட கீதுன்றான். மாரு கீதான்னு கேட்டா மொறைக்கிறான். சர்தான்னு முழு பொம்பள உருவமா வாங்கிப் போட்டுட்டேன். எங்க இன்னா கோளாறுன்னு ஆத்தாவே பாத்துக்கட்டும்." பக்கத்துக் கட்டில்காரம்மா சிரித்துத் தையல் வலிக்கிறது என்று நர்ஸைக் கூப்பிட்டார். அடுத்த நாள் சிவப்பு கோட்டைவிட்டுக் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது. ஊசி மருந்தா, ஆத்தாவா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ சண்டைக்கு வருவாய்.

இனி அந்த ஒத்தடம்.

கீமோ எல்லாம் முடிந்து தலையில் மயிர் முளைக்க ஆரம்பித்திருந்தது. இடது தோள் இறுகிப்போய்க் கையைத் தலைக்குமேல் தூக்க முடியவில்லை. கொடியில் துணி போடக்கூட இவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. நீ பார்த்துவிட்டு, இதுக்குப்போய் மாத்திரை துன்னுகினு என்று சொல்லி, கல்லுப்பையும் நொச்சியையும் வறுத்து, பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டிக்கொண்டு வந்தாய். முதுகில் வைத்தாய், தோளில் வைத்தாய். அப்பாடா என்றிருந்தது. எத்தனையோ மாதமாக என் உடம்புக்கு யாரும் நல்லது செய்தது போலவே இல்லை. எல்லாம் குத்துவதும் வெட்டுவதும்தான். அன்றுதான் உடம்பு முதல்முறையாகச் சுகம் என்றது. மூட்டையைத் தோளிலிருந்து முன்பக்கம் மார்புக்கு மேலே இறக்கி வைத்து, "இங்க எப்டி கீது?" என்று கேட்டாய். "ஒண்ணும் தெரியல" என்றேன். "சூடு பத்தல போலகீது" என்று மூட்டையை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் வாணலியில் போட்டுப் புரட்டிக்கொண்டு வந்து வைத்தாய். அப்போதும் எனக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நீ அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாய். இரண்டு பேரும் சீரியல்காரியின் நகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் குளிக்கும்போது ஒரு கொப்புளம் உடைந்து தண்ணீர் வழிந்தது. குனிந்து பார்த்தேன். மார்பின் மேல் தோல் வெந்து உரிந்து தொங்குகிறது. வலி என்பதே இல்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை யாருக்கும் விளக்க முடியவில்லை. என் தோல் வெந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. இது வேறு யாருடைய உடம்போ, அதை எனக்கு மேலே போர்த்திவிட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. கத்தினேன். இவர் அன்று வேறு வழியில்லாமல் கண்ணை மூடாமல் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். அங்கே இருந்த டூட்டி டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, வெந்த தோல் தாங்கினால் பிழைத்தது, திறந்துகொண்டால் உள்ளே இருக்கும் பை வெளியே தெரிந்துவிடும், அப்புறம் எடுக்காமல் முடியாது, பெரிய டாக்டர் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். நான் மறுபடியும் பேனாக் கோட்டுக்கே திரும்பிவிட்டேன்.

செய்தி கேட்டு நீ ஓடி வந்தாய். கட்டைப் பார்த்தாய். அப்படியே திரும்பிப் போய்விட்டாய். அப்புறம் உன்னைக் காணவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, உன்மேல்தான். சுட்டதற்காக அல்ல. சுட்டுவிட்டு என்னைப் பயத்தோடு தனியாக விட்டுவிட்டுப் போனாயே, அதற்காக. கட்டைப் பிரிக்கிற நாளன்று காலையில் இவரைக் கீழே ஆட்டோவில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, பின்தெருவில் உன் வீட்டுக்கு வந்தேன். நீ தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாய். மிஷினில் துணியே இல்லை.

"என் மூஞ்சில முழிக்காத மே. உன்ன கொன்னுட்டிருப்பேன் நானு."

"இன்னைக்குக் கட்டுப் பிரிக்கிறாங்க. எனக்குப் போகப் பயமா இருக்கு."

"எனுக்கும் பயமாகீது. யாரு சுட்டதுன்னு அந்த டாக்டரம்மா கேட்டா நான் இன்னான்னு சொல்லுவேன்?"

"பயந்துகிட்டே வா," என்றேன். "ஆனா வா."

நீ நிமிர்ந்து பார்த்தாய். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என் டயலாக்க எனுக்கே திருப்பி உட்றியா?" என்று எழுந்து செருப்பை மாட்டினாய். இடது காலுக்கு உன் மகளின் செருப்பு. அதை ஆஸ்பத்திரி வாசலில்தான் கவனித்தோம்.

"யார் பண்ண வேலை இது?" என்று டாக்டரம்மா கேட்டு முடிப்பதற்குள் நீ கையைத் தூக்கிவிட்டாய், பள்ளிக்கூடத்தில் மாதிரி. "நான்தான் டாக்டர். கொளுத்திட்டேன்." அவருக்குக் கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. ஆபரேஷனில் அந்த இடத்து நரம்பெல்லாம் போய்விட்டது, சூடு சுடாது, குளிர் குளிராது, ஒத்தடமோ சுடுதண்ணீர்ப் பையோ இனி கிட்டேயே கொண்டு போகக் கூடாது என்று உன்னை நிற்க வைத்துத் திட்டினார். நீ ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாய். கடைசியில், "அவுங்க மேல ஒரு தப்பும் இல்ல டாக்டர், அத்த மட்டும் எய்திக்கோங்க" என்றாய். தோல் தாங்கியது. ஆறியபோது, பாதி உள்ளங்கை அளவுக்குப் பழுப்பாக ஒரு தழும்பு நின்றுவிட்டது. அதை முதலில் பார்த்த அன்று நீ ஒருமாதிரி முழித்துவிட்டுச் சமாளித்துக்கொண்டு சொன்னாய்: "ஸ்டாம்பு குத்திட்டேன் மே. இன்மேட்டு நீ எங்கியாச்சும் காணாம பூட்டா அடையாளம் சொல்லிக்கலாம்."

காணாமல் போனது நீ.

போன மழைக்காலத்தில் நாங்கள் ஒரு கல்யாணத்துக்குத் திண்டுக்கல் போயிருந்தோம். அன்று காலையில் உனக்குத் தாடையிலிருந்து தோள் வரைக்கும் இழுத்துப் பிடித்ததாம். மார்பு கனத்ததாம். வியர்த்துக் கொட்டியதாம். உன் மகள் ஆட்டோ கூப்பிடட்டுமா என்று கேட்டிருக்கிறாள். "அட இன்னாமே, வாயு புடிச்சிக்கினு கீது, இதுக்குப்போய் ஆட்டோவாம்" என்று சொல்லிவிட்டாயாம். என்னிடம் அவள் சொன்னபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. "சோடா வாங்கியாரச் சொல்லிச்சு ஆன்ட்டி. உப்பு வறுத்துத் தரச் சொல்லிச்சு. நான்தான் நெஞ்சுல ஒத்தடம் வச்சினு இருந்தேன். இப்போ தேவலாம்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துச்சு." மாரடைப்பு என்று பிறகு சொன்னார்கள். நாங்கள் வந்து சேர்ந்தபோது அடுப்படியில் அந்த வாணலி கழுவாமல் அப்படியே இருந்தது.

எனக்கு உன்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. எனக்காக அத்தனை பயந்தாயே, உனக்காக ஒரு துளி பயந்திருக்கக் கூடாதா? பயந்திருந்தால் ஆட்டோ ஏறியிருப்பாய். உன் மகளிடம் மட்டும், "நீ வைத்த ஒத்தடத்தில் ஒரு தவறும் இல்லை, உன் அம்மாவுக்கு அது இதமாகத்தான் இருந்திருக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஒத்தடம் வைத்த கை என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும், உன்னைப் பார்த்திருக்கிறேன்.

உப்பு வாசனை போய்விட்டது. மணி ஆகிவிட்டது. கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. கூட்டம் கூடிவிட்டால் ஷேர் ஆட்டோ கிடைக்காது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட இருக்கிறது. போய்விட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

சாயங்காலம் ஆகிவிட்டது. உன் சுருக்குப் பையை பீரோவிலிருந்து எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஷேர் ஆட்டோவில் உனக்குப் பிடித்த ஓரத்தில் இடம் கிடைத்தது. மெட்ரோ தூண்களெல்லாம் எழும்பிவிட்டன, ரோடு மட்டும் இன்னும் பள்ளம்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் என் கையை நானே அடியில் கொடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிடும்வரை, எழுந்து ஓடிவிடலாம் என்று பலமுறை வாசலைப் பார்த்தேன். ஸ்கேன் எடுக்கும் பெண் மார்பில் களிம்பைத் தடவிவிட்டு, "சில்லுன்னு இருக்கா மேடம், ஸாரி" என்றாள். எனக்கு எங்கே தெரிகிறது? அவள் அந்தக் கருவியை ஒரே இடத்தில் வைத்து வைத்துப் பார்த்தாள். திரையைப் பார்த்து முகத்தைச் சுருக்கினாள். அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், உன் தொண்டை அன்று ஏறி இறங்கியது போல அவளுடையதும் ஏறி இறங்குகிறதா என்று. பயந்துகினே வா, பயந்துகினே வா என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. வந்துதான் விட்டேனே, இனி என்ன செய்ய என்று உன்னிடம் கேட்டேன்.

டாக்டரம்மா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "நோய் திரும்பி வரலம்மா" என்றார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே வைத்த பையைச் சுற்றி உடம்பு தானாக ஒரு சவ்வு கட்டிக்கொள்ளுமாம், அது சுருங்கி இறுக்குகிறதாம். சிலருக்கு இப்படி வரும், போகப் போக வலியும் வரலாம், பையையும் சவ்வையும் எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துவிடலாம் என்றார். மறுபடியும் மேஜை. மறுபடியும் அந்த விளக்கு. மறுபடியும் குழாயும் குடுவையும். நோய் இல்லை என்று கேட்ட நிம்மதி அந்த அறையைத் தாண்டுவதற்குள்ளேயே கரைந்துவிட்டது, இவ்வளவுதான் என் தைரியம். ஆனாலும் சரி என்றேன். சரி டாக்டர், பண்ணிடலாம் என்று என் வாய்தான் சொல்லிற்று.

அவர் விரலால் உன் தழும்பைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டினார். "இதையும் அப்பவே சேர்த்து எடுத்துடறேன். தோலை இழுத்துத் தைச்சுட்டா தெரியாது, பார்க்க நல்லாருக்கும்."

"அதை மட்டும் விட்டுடுங்க டாக்டர்," என்றேன்.

"ஏம்மா? எதுக்கு அது?"

"அடையாளத்துக்கு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நினைவு வந்துவிட்டது போல. "அன்னைக்குக் கையைத் தூக்கினாங்களே, அந்தம்மா வச்ச சூடுதானே இது?" என்று சிரித்தார். "சரி, இருந்துட்டுப் போகட்டும். ஆபரேஷனுக்கு உங்ககூட அவங்கதானே வருவாங்க?"

ஜாக்கெட் கொக்கிகளை மாட்டிக்கொண்டே, "ஆமா டாக்டர், வருவா" என்றேன்.